வேலி அடைக்கிற ஆள்



போன எபிசோடில் எங்கள் டேட்டா எங்களைப் பற்றி என்ன சொல்லுது என்று கதைத்தபோது, நான் வங்கிக் கணக்கையும் போன் லொக்கேசனையும் பற்றித்தான் சொன்னேன். ரெக்கோர்டிங் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். என்னைப் பற்றி ஆகக் கூடுதலாகத் தெரிந்த டேட்டா அந்த இரண்டுமே இல்லை. நான் ஒன்லைனில் விளையாடிய செஸ்தான். அதில் அப்பாவும் வந்து மாட்டிக்கொண்ட கதைதான் இந்தக் கிழமை. எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மிச்சம் ஈஸ்ட்ஃபீல்ட்ஸ் ஸ்டேசன் தெரிந்தவர்களுக்கு அந்த லெவல் கிராசிங்கும் தெரிந்திருக்கும். 2008இல் திறந்த ஸ்டேசன். ஒரு பிளாட்ஃபோர்ம் கேற்றுக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். காலையில் கேற் விழுந்து கிடக்கும்போது போனை எடுத்து, ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம் ஒன்றைத் தொடங்குவேன். அது ஸ்ட்ரெத்தம் வரும்போது முடியும். பிளாக்ஃப்ரையர்ஸ் போய்ச் சேருவதற்குள் இன்னும் மூன்று நாலு. லொக்டவுன் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. 2020 ஒக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் குயீன்ஸ் கம்பிட் வந்த பிறகு உலகம் முழுக்கப் பலருக்குப் பிடித்த அதே காய்ச்சல்தான். ஆனால் எனக்கு அது விடவேயில்லை.

நான் விளையாடுவது லீசெஸ் என்ற தளத்தில். திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, காசு இல்லை, கோட் முழுக்க ஓப்பன் சோர்ஸ், நடத்துவது ஒரு தொண்டு அமைப்பு. அங்கே விளையாடிய ஒவ்வொரு ரேட்டட் ஆட்டமும் பொதுவில் கிடக்கும். மாதா மாதம் மொத்தத்தையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம். இப்போது அதில் பல நூறு கோடி ஆட்டங்கள் இருக்கு. டேட்டா வேலை செய்கிற ஆளுக்கு இது கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி.

போன வருசம் மூன்று மாதம் எனக்குக் கொன்ட்ராக்ட் இல்லை. ஒரு பின்னேரம், வேலை தேடவேண்டிய நேரத்தில், என் ஆட்டம் எல்லாவற்றையும் இறக்கி ஒரு பைத்தன் ஸ்கிரிப்ட் எழுதினேன். வழக்கமாக எல்லோரும் செய்வது என்னவென்றால், ஆட்டத்தை ஸ்டொக்ஃபிஷ் எஞ்சினிடம் கொடுத்து எங்கே பிழை விட்டேன் என்று பார்ப்பது. நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று அந்தக் கோப்பில் எழுதியிருக்கும். ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றும் இருக்கும். எஞ்சின் என் காய்களைப் பற்றித்தான் பேசும். கடிகாரம் பேசியது என்னைப் பற்றி.

முதல் விசயம், நான் தோற்றவுடனே அடுத்த ஆட்டத்தை அழுத்துகிறேன். வென்றால் கொஞ்சம் இடைவெளி விடுகிறேன், தேத்தண்ணி குடிக்கிறேன், வேறு ஏதோ பார்க்கிறேன். தோற்றால் மூன்று நொடி கூட இல்லை. தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் மூன்றாவதில் யோசிக்கிற நேரம் அப்படியே விழுகிறது. போக்கர் ஆடுபவர்கள் இதை டில்ட் என்பார்கள். ஊரில் சொல்வதென்றால் விசர் பிடித்து ஆடுவது.

இரண்டாவது கொஞ்சம் நோகிற விசயம். இரண்டு சிப்பாய்கள் மூக்குக்கு மூக்கு நின்று, யார் முதலில் வெட்டுவது என்ற இழுபறி இருக்கும் இல்லையா? நல்ல ஆட்டக்காரர் அதை அப்படியே விட்டு வைப்பார். மற்றவன் அவசரப்பட்டு வெட்டினால் அவருக்குத்தான் லாபம். நானோ கிட்டத்தட்ட எப்போதும் உடனே வெட்டிவிடுகிறேன். எஞ்சின் அதைப் பெரிய பிழை என்று சிவப்புக் கோடு போடாது. சும்மா ஒரு சின்னச் சரிவுதான் காட்டும். ஆனால் ஆயிரம் ஆட்டத்தில் ஆயிரம் சின்னச் சரிவு. மனுசியிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு ஸ்கிரிப்ட் எழுதவேணுமே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றாள். வீட்டில் வாக்குவாதம் வந்தால் "சரி, விடு, நீ சொல்றதுதான்" என்று முடித்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான்.

மூன்றாவது நேரம். கொன்ட்ராக்ட் இருந்த மாதங்களில் ஆட்டங்கள் காலை ரயிலிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும். இல்லாத மூன்று மாதமும் இரவு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கறுப்பாகக் குவிந்து கிடக்கு. அந்த வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு எப்போது வேலை போனது, எப்போது கிடைத்தது என்று முன்பின் தெரியாத ஒருவரே தேதியோடு சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் ஆனந்தைப் பற்றி ஒன்று சொல்லவேணும். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. அங்கே பிளிட்ஸ் ஆடுவார்கள். வென்றவர் கதிரையில் இருக்கலாம், தோற்றவர் எழும்பி வரிசையில் பின்னால் போகவேணும். அந்த மேசையில் வளர்ந்த வேகம்தான் பிறகு அவருக்கு மின்னல் சிறுவன் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். அதே வேக ஆட்டத்தைத்தானே நாங்களும் ஆடுகிறோம், எங்களுக்கு ஏன் அது விசராக மாறுது? எனக்குத் தோன்றுவது, அங்கே தோல்விக்கு ஒரு வரிசை இருந்தது. எழும்பவேணும், பின்னால் போய் நிற்கவேணும், மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கவேணும். உங்கள் போனில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். தோற்று இரண்டு நொடியில் உலகத்தின் வேறு மூலையில் புது ஆள் தயார். பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. நானே அப்படி ஒன்றைக் கட்டியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

சரி, இப்போது அப்பா.

அப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்திலேயே செஸ் ஆடியவர். லண்டன் வந்து முப்பது வருசத்துக்கு மேல் இரவு வேலை. முதலில் பெற்றோல் ஸ்டேசன், பிறகு தபால் தரம் பிரிக்கிற இடம். எனக்குச் செஸ் பழக்கியது அவர்தான், அதுவும் வேலையால் வந்து படுக்கப் போகுமுன் இருக்கிற அரை மணித்தியாலத்தில். அவருடைய ஆட்டத்தில் ஒரு விசயம் எப்போதும் இருக்கும். ராணிப் பக்கச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார், ஒரு குதிரையை வெளியே எடுப்பார், பிறகு எதிராளி என்ன செய்தாலும் இரண்டு ஓரத்துச் சிப்பாய்களையும் ஒவ்வொரு கட்டம் முன்னால் வைப்பார். எச்3, ஏ3. புத்தகத்தில் இதை நேரத்தை வீணாக்குவது என்பார்கள். "முதல்ல வேலியை அடை. ஆடு மாடு உள்ள வராது. பிறகு வீட்டைப் பாப்பம்" என்பார். வருசா வருசம் கிடுகு வேலி அடைத்து வளர்ந்த ஆள். யோசித்துப் பார்த்தால் அது முழுக்கப் பிழையும் இல்லை. எச்3 வைத்தால் எதிராளியின் மந்திரி வந்து குதிரையைக் கட்டிப்போட முடியாது. பின் வரிசையில் ராஜா மூச்சுத் திணறும்போது ஒதுங்க ஒரு கட்டமும் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு டேப்லட் வாங்கிக் கொடுத்து லீசெஸில் ஒரு கணக்கும் திறந்து கொடுத்தேன். ஒரு ஐந்தாறு மாதம் விளையாடினார், பிறகு நின்றுவிட்டது. கேட்டால், "கண்ணுக்குக் கஷ்டமாக் கிடக்கு தம்பி" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போன நத்தாருக்கு அடுத்த நாள் ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் ஒரு அரீனா லிங்க் போட்டான். ஒரு மணித்தியாலம், எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். ரொறன்ரோ, பாரிஸ், கொழும்பு, நாங்கள். பதினாலு பேர் சேர்ந்தோம். அதில் பதின்மூன்று பேர் யார் என்று தெரிந்தது. பதினாலாவது பெயர் பாஸ்வேர்ட் மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தது. யாரடா இது என்று குறூப்பில் கேட்டால் ஒருவரும் பதில் இல்லை. சின்னப் பிள்ளைகள் யாரும் என்று நினைத்தோம்.

மூன்றாவது சுற்றில் அந்த ஆள் எனக்கு வந்தார். அவருக்கு வெள்ளை. ராணிப் பக்கச் சிப்பாய். குதிரை. பிறகு எச்3. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இரண்டு நகர்த்தல் கழித்து ஏ3. அப்பா அந்த நேரம் மத்தியானச் சாப்பாடு முடித்து மேலே படுக்கப் போயிருந்தார். நான் கீழே கதிரையில் இருந்து மேல் கூரையைப் பார்த்தேன்.

நடுவில் ஒரு இழுபறி வந்தது. வழக்கம்போல நான்தான் முதலில் வெட்டினேன். தோற்றேன்.

இதை நான் ஏதோ மகன் என்ற உள்ளுணர்வு என்றுதான் நினைத்தேன். ஆனால் எந்திரத்துக்கும் இது முடியும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் (எங்கள் சொந்தக்காரரில் பாதிப் பேர் இருக்கிற ஊர்) ஆஷ்டன் ஆண்டர்சன் என்பவரின் குழு, கோர்னெல், மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2020இல் மாயா என்ற எஞ்சினை வெளியிட்டது. அது வெல்வதற்காக ஆடாது. லீசெஸில் கிடக்கிற ஆட்டங்களைப் படித்து, இந்த ரேட்டிங் உள்ள மனிதர் இந்த இடத்தில் என்ன நகர்த்துவார் என்று ஊகிக்கும். பிழைகளோடு சேர்த்து. அதே குழுவில் சிலர் 2021இல் ஒரு படி மேலே போனார்கள். ஒருவரின் நூறு ஆட்டங்களைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான ஆட்களுக்குள் அவர் யார் என்று 98 வீதம் சரியாகச் சொல்கிற முறை. முதல் 15 நகர்த்தல்களை மறைத்தாலும் 86 வீதம். அதாவது வேலி அடைக்கிற பகுதியை முழுக்க வெட்டி எறிந்தாலும் ஆள் பிடிபடுவார். இதில் தனியுரிமை ஆபத்து இருக்கு என்பதை ஆய்வாளர்களே பேசினார்கள். உயர்நிலை ஆட்டக்காரரில்லை, எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் அந்த டேட்டாவில் பெரும்பாலும். நன்றாக ஆடுபவர்கள் எல்லோரும் சரியான நகர்த்தலை நோக்கிப் போவார்கள். பிழை விடுவதில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

அன்று இரவு நான் செய்ததைப் பற்றிப் பெருமையில்லை. அந்தக் கணக்கின் ஆட்டங்களை முழுக்க இறக்கி, எனக்கு எழுதிய அதே ஸ்கிரிப்டில் ஓட்டினேன். எல்லாம் பொதுவில் கிடக்கிற டேட்டா, யாரும் தடுக்கவில்லை. ஆனால் அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்த மாதிரித்தான் இருந்தது. கணக்கு ஒன்றரை வருசமாக இருந்திருக்கு. ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில். ஏறத்தாழ எல்லாமே அதிகாலை இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். ஞாயிறு, நத்தார், அம்மாவின் பிறந்தநாள், வித்தியாசமே இல்லை. வேலையை விட்டு வருசக்கணக்காகியும் மனிசன் ஷிப்டில்தான் இருந்திருக்கிறார்.

நல்லது என்று சொல்வதென்றால், அவர் என்னை மாதிரி ஆடவில்லை. தோற்ற பிறகு பத்து நிமிடம், சில வேளை அரை மணித்தியாலம் இடைவெளி. ஒருபோதும் இடையில் கைவிட்டுப் போவதில்லை, செக்மேட் ஆகும் வரை இருந்து வாங்குவார். முதல் நகர்த்தலுக்கே எட்டுப் பத்து நொடி எடுப்பார், ஒவ்வொரு தடவையும் அதே நகர்த்தலைத்தான் செய்யப்போகிறார் என்றாலும்.

என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கிழமை இருந்தேன். அந்த நாட்களில் எனக்கு டேவா_கீப்பாஸ் கதை அடிக்கடி ஞாபகம் வந்தது. 2021 மார்ச்சில் இந்தோனேசியாவில் டாடாங் சுபூர் என்ற வயதான மனிதர், அந்தப் பெயரில் செஸ்.கொம்மில் விளையாடியவர், யூடியூபில் பிரபலமான லெவி ரோஸ்மனை வென்றார். பிறகு எஞ்சின் உதவி என்ற சந்தேகத்தில் கணக்கு மூடப்பட்டது. மகன் முகநூலில் அப்பாவுக்காக எழுதப் போக, அது நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது, ரோஸ்மனுக்குத் திட்டு மழை. கடைசியில் டெடி கோர்புசியர் என்பவரின் பொட்காஸ்ட் சனலில் (ஓம், பொட்காஸ்ட்) மார்ச் 22ஆம் தேதி இரீன் சுகந்தாரோடு நேரடியாக ஆட வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவர் 3-0 என்று தோற்றார். இப்படியான சந்தேகம் வரும்போது பார்ப்பதும் பழக்கத்தைத்தான். சாதாரண ஆள் வெட்டினால் திருப்பி வெட்டுவதற்கு அரை நொடி எடுப்பார், சிக்கலான இடத்தில் ஒரு நிமிடம் விழிப்பார். எஞ்சினைப் பார்த்து ஆடுபவருக்கு எல்லாம் ஒரே நேரம். எது எப்படியோ, எனக்கு அந்தக் கதையில் நின்றது மகன்தான். அப்பாவின் ஆட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அவன். நல்ல எண்ணத்தோடுதான்.

அதனால் நான் குறூப்பில் ஒன்றும் போடவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் அப்பாவிடம் நேரே கேட்டேன்.

"அது நீங்கள்தானே?"

"எது?"

"வேலி அடைக்கிற ஆள்."

சிரித்தார். அன்று பழைய கணக்கில்தான் வர நினைத்தாராம். "இதில இருந்து வெளிய வாறது எப்பிடி எண்டு தெரியேல்ல. நேரம் போகுது எண்டு அப்பிடியே வந்திட்டன்."

ஏன் இரண்டாவது கணக்கு என்றதற்கு உடனே பதில் சொல்லவில்லை. நான் விட்டேனா? இரவில் முழித்திருப்பது உடம்புக்குக் கூடாது, ஸ்கிரீன் வெளிச்சம் நித்திரையைக் கெடுக்கும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நித்திரை வந்தா நான் ஏன் தம்பி விளையாடுறன்? உன்ர பச்சை லைட்டும்தான் விடிய மூண்டு மணிக்கு எரிஞ்சுது. பாத்தனான். வேலை இல்லாமக் கிடக்கிறான், கேட்டா இன்னும் நோகும் எண்டு பேசாம விட்டன். என்ர லைட்டை நீ பாக்கக்கூடாது எண்டுதான் மற்றப் பேர்."

லீசெஸில் ஆள் உள்ளே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி காட்டும். விரும்பினால் அவர் ஆடுவதை நேரடியாகப் பார்க்கவும் முடியும். என் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார், எத்தனை என்று சொல்லவில்லை. வேலை போனதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. ஸ்கிரிப்ட் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். "அவசரப்பட்டு வெட்டிறாய்" என்று மட்டும் சொன்னார். பிறகு அம்மா வந்துவிட்டா.

ஜனவரியில் ஜீபியிடம் கூட்டிக்கொண்டு போனேன். இத்தனை வருசத்தில் நித்திரையைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். இரவு வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பா அம்மா உங்களில் பலருக்கும் இருப்பார்கள். அவர்கள் கையில் செஸ் இல்லாமல் யூடியூப்போ, சீட்டு ஆட்டமோ, வாட்ஸ்அப் ஃபோர்வர்டோ இருக்கும். விடிய நாலு மணிக்கு வந்த குட் மோர்னிங் படத்தைப் பார்த்து நாங்கள் சிரித்திருப்போம். அனுப்பிய நேரத்தைப் பார்த்தோமா?

உங்களுக்கும் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் ஸ்கிரிப்ட் ஒன்றும் வேண்டாம். லீசெஸ் புரொஃபைலில் இறக்கிக்கொள்ளும் பொத்தான் இருக்கு, இன்சைட்ஸ் என்ற பக்கம் இலவசமாகவே வரைபடம் போட்டுத் தரும். ரேட்டிங்கை விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு, தோற்ற பிறகு எவ்வளவு நேரத்தில், எங்கே யோசிக்காமல், இவ்வளவும் போதும். உங்களுடையதை மட்டும் பாருங்கள். மற்றவருடையது என்றால் கேட்டுவிட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் பார்த்தேன், நல்லதாகத்தான் முடிந்தது, ஆனாலும் கேட்டிருக்கவேணும்.

நான் மூன்று நிமிட ஆட்டத்தை முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். கேற் விழுந்தால் கை தானாகப் போனுக்குப் போகும். தோற்றால் ஒரு ஸ்டேசன் கழியும் வரை அழுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். துல்ஸ் ஹில் வரை பிடித்து வைப்பது பெரும் பாடு.

அப்பாவோடு இப்போது கடித ஆட்டம் ஒன்று போகுது, ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள். பழைய கணக்கில்தான். அவர் இன்னும் விடியக் காலையில்தான் நகர்த்துகிறார், ஆனால் நாலரைக்குப் பிறகு. நேற்று ஏ3 வந்தது. நடுவில் இரண்டு சிப்பாய்கள் மூக்குக்கு மூக்கு நிற்கிறார்கள். எனக்கு இன்னும் இரண்டு நாளும் ஆறு மணித்தியாலமும் இருக்கு, நான் வெட்டவில்லை.